ஸ்ப்ரே கன் வந்த வழி

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பெயிண்ட் அடிக்கும் தொழில் இரண்டு இடங்களில் நடக்கிறது. உயர்ந்த மதில்களுக்குப் பின்னால், தூசு புகாத கூடத்தில், ரோபோக் கைகள் ஒரு காரைச் சில நிமிடங்களில் பூசி முடிக்கின்றன. மதிலுக்கு வெளியே, தகரக் கூரை போட்ட டிங்கரிங் பட்டறையில், நசுங்கிய கதவுக்குப் பட்டி வைத்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, ஸ்ப்ரே கன்னால் ஒருவர் இரண்டு கோட் அடிக்கிறார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: பெயிண்டைப் பொடித் துளிகளாகச் சிதறடித்து, காய்வதற்குள் பரப்பில் படியவைப்பது. பொம்மைக்கும் ஹெல்மெட்டுக்கும் பெட்ரோல் டேங்க்குக்கும் படம் போடும் ஓவியர் கையிலுள்ள ஏர்பிரஷும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்தக் குடும்பத்தில் மூத்தது ஏர்பிரஷ். அமெரிக்காவில் அது ஓவியருக்கென்று பிறந்து, பிறகுதான் அதே தத்துவத்தில் தொழிற்சாலைக்கான ஸ்ப்ரே கன் வளர்ந்தது. தமிழ்நாட்டில் வரிசை பெரும்பாலும் தலைகீழ். இங்கே காற்றால் பெயிண்ட் அடிக்கும் வித்தை மோட்டார் தொழிலோடு ஊன்றியது. கம்ப்ரஸரும் தின்னரும் கன்னும் பட்டறையில் பழகிய பின்னர்தான் ஓவியர் கைக்கு வந்தன. ஏர்பிரஷ் வாங்கப் போகும் ஓவியர் இன்றும் பட்டறைக்காரர் பாஷையில் பேசுவதற்கும், பட்டறைக்குரிய பெரிய கருவியை வாங்கிவிட்டுத் திண்டாடுவதற்கும் காரணம் அதுதான்.

ஏர்பிரஷுக்கு வித்திட்ட ஆப்னர் பீலர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர். 1870-களில் அவர் செய்த கருவிக்கு ஏர்பிரஷ் என்ற பெயர்கூடக் கிடையாது. பெயிண்டில் தோய்ந்த ஓர் ஊசி முன்னும் பின்னும் அசையும். அதன் நுனியில் காற்று மோதிப் பெயிண்டைச் சிதறடிக்கும். அந்தக் கருவியின் உரிமையை வாங்கி அதைப் பிழைப்புக்கான கருவியாக்கியவர் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டைச் சேர்ந்த லிபர்ட்டி வாக்கப். புகைப்படத்தைப் பெரிதாக்கினால் மங்கிப்போகும். அந்த மங்கலுக்கு மேல் நிழலும் வெளிச்சமும் ஏற்றி உருவத்தை மீட்க ஒரு கருவி தேவைப்பட்டது. தூரிகைத் தடமே தெரியாமல் சாயை ஏற்றும் ஏர்பிரஷ் அதற்குப் பொருந்திப்போனது. ஆக, ஏர்பிரஷின் முதல் வாடிக்கையாளர்கள் உருவப்படக்காரர்கள்.

1890-களின் தொடக்கத்தில் சார்லஸ் பர்டிக் என்ற நீர்வண்ண ஓவியர், பேனாவைப் போலப் பிடிக்கத்தக்க ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார். அதில் காற்றும் பெயிண்டும் கருவியின் மூக்குக்குள்ளேயே கலந்தன. இன்றைய ஏர்பிரஷ்களில் பெரும்பாலானவை இந்த வடிவத்தின் வாரிசுகளே. பர்டிக் பின்னர் இங்கிலாந்துக்குப் போய்த் தொழில் நடத்தினார். அங்கே கருவிக்கு ஏரோகிராஃப் என்று பெயர் நிலைத்தது. ஓவியர் மேன் ரே 1917 முதல் இந்தக் கருவியால் வரைந்த படங்களை 'ஏரோகிராஃப்' என்றே அழைத்தார். சிகாகோவில் 1904-ல் ஜென்ஸ் பாஷே தொடங்கிய நிறுவனம் இன்றும் அவர் பெயரிலேயே ஏர்பிரஷ் செய்கிறது. அதன் டர்போ வகையில் ஒரு சிறு காற்றுச் சக்கரம் ஊசியை அதிவேகத்தில் ஆட்டுகிறது. பீலரின் பழைய யோசனைதான், செத்துப்போகவில்லை.

தொழிற்சாலைக் கிளை வேறு திசையில் போனது. 1880-களின் கடைசியில் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு அங்காடியில் பராமரிப்பு வேலை பார்த்த ஜோசப் பிங்க்ஸ், நிலத்தடிச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆள் போதாமல் கைப்பம்பு வைத்த ஒரு பீச்சுக் கருவியைச் செய்தார். 1893-ல் அதே நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் வெள்ளைக் கட்டடங்களுக்கு இதே முறையில் சாயம் பூசப்பட்டது. ஒஹையோவின் டொலீடோ நகர மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து அடிக்க ஒரு சிறு பீச்சான் வைத்திருந்தார். அவர் மகன் தாமஸ் 1907 வாக்கில் அதே தத்துவத்தைப் பெயிண்டுக்குத் திருப்பினார். இன்று பட்டறையில் தொங்கும் ஸ்ப்ரே கன்னின் மூதாதை, வைத்தியர் மேசையில் இருந்த தொண்டை மருந்துக் குப்பி!

ஸ்ப்ரே கன் இருந்தும் கார்த் தொழில் உடனே மாறிவிடவில்லை. இருந்த பெயிண்ட் ஒத்துழைக்கவில்லை. எண்ணெய் வார்னிஷ் ஒரு கோட் காய நாள் கணக்காகும். குதிரை வண்டிக் காலத்து முறைப்படி கோட்டுக்கு மேல் கோட்டாக ஒரு காரை முடிக்க வாரக்கணக்கில் பிடித்தது. 1923-ல் டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்தது. அது நிமிடங்களில் காயும். அதனாலேயே தூரிகையால் பூச முடியாது, அடுத்த இழுப்பு இழுப்பதற்குள் முந்தைய இழுப்பு இறுகிவிடும். காற்றால் அடிப்பது ஒன்றே வழி. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. பிரிட்டிஷ் பேரரசுப் பகுதிகளில் அந்தப் பெயரில் ஐ.சி.ஐ. நிறுவனம் அதை விற்றது, தமிழ்நாட்டில் அது நிறுவனப் பெயர் என்பதே மறந்துபோய் வேலையின் பெயராக நிலைத்துவிட்டது. மர பீரோவுக்கு வழவழப்பாகப் பெயிண்ட் அடித்தாலும் 'டூக்கோ பெயிண்டிங்' என்கிறார்கள்.

சென்னையில் காற்றால் பெயிண்ட் அடிக்கும் தொழிலுக்கு முன்னோடி, வண்டி கட்டும் தொழில். 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டி, பின்னர் மோட்டார் வண்டிகளுக்கு உடல் கட்டியது. அங்கே வண்டி பூசுபவரின் கௌரவம் தூரிகையில் இருந்தது. அதை மாற்றியது சுதந்திரத்தை ஒட்டி வந்த தொழிற்சாலை அலை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயிண்ட் பிரிவு வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். அங்கே பழகியவர்களும், அவர்களிடம் எடுபிடியாக நின்று கற்றவர்களும் புதுப்பேட்டை முதல் மாவட்டச் சாலையோரம் வரை பட்டறை போட்டார்கள். எந்தப் பாடநூலும் இல்லாமல் இந்த வித்தை பரவியது இப்படித்தான்.

கருவிகளில் கன்னைவிட முக்கியமானது கம்ப்ரஸர். காற்று கிடைக்காத ஊரில் கன் வெறும் இரும்பு. கோயம்புத்தூரில் 1960-ல் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸ், கம்ப்ரஸர்களையும் பட்டறைச் சாதனங்களையும் உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியது இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம். பஞ்சர் கடை, பெட்ரோல் பங்க், டிங்கரிங் பட்டறை எல்லாவற்றிலும் பிஸ்டன் கம்ப்ரஸரின் 'தடதட' சத்தம் கேட்க ஆரம்பித்தது. காற்றழுத்தத்தைத் தமிழ்நாடு இன்றும் 'பவுண்டு' என்ற அளவில்தான் சொல்கிறது. சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் பையன் முதல் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கும் மேஸ்திரி வரை அதுதான் பேச்சு.

ஓவியர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சென்னையின் பெரும் விளம்பர ஓவியம் சினிமா பேனர். அது முழுக்க முழுக்கத் தூரிகையின் ராஜ்யம். 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்காக மோகன் ஆர்ட்ஸ் சென்னை சித்ரா திரையரங்கில் நிறுத்திய 80 அடி சிவாஜி கணேசன் கட்அவுட், தமிழ்நாட்டின் கட்அவுட் மரபுக்கே பிள்ளையார் சுழி என்று பேசப்படுவது. கட்டம் போட்டு, புகைப்படத்தைப் பெருக்கி, அகலத் தூரிகையால் அடித்து இழுக்கும் அந்த முறைக்கு ஏர்பிரஷ் தேவைப்படவில்லை. 50 அடி தள்ளி நின்று பார்ப்பவருக்குச் சாயை எவ்வளவு மென்மையாக இறங்குகிறது என்பது கண்ணில் படாது. மேலும் தூரிகைக்கு மின்சாரம் வேண்டாம். 2000-களில் ஃப்ளெக்ஸ் அச்சு வந்து பேனர்க்காரர்களின் தொழிலை அழித்தபோது, எஞ்சியவர்களில் சிலருக்கு வாகனமும் பொம்மையும் சுவரும் புகலிடமாயின.

பொம்மைத் தொழிலில் காற்றுப் பெயிண்ட் உறுதியாக வேரூன்றியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே பொம்மைக்காரத் தெரு நவராத்திரி கொலுவுக்கான களிமண், காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் பேர்போனது. விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய மாதங்களில் நெடுஞ்சாலையோரக் கொட்டகைகளில் ஆளுயரச் சிலைகள் வரிசையாக நிற்கும். நூற்றுக்கணக்கான உருவங்களுக்கு அடிநிறம் ஏற்றவும், துதிக்கையின் மடிப்பில் நிழல் இறக்கவும், கன்னத்தில் சிவப்பு படரவும் கன்தான் வசதி. கண்ணும் புருவமும் இன்னும் மெல்லிய தூரிகைக்கு உரியவை. அந்தப் பாகப்பிரிவினை நியாயமானது: காற்று சாயைக்கு, முடி கோட்டுக்கு.

இந்தப் பின்னணியில்தான் ஸ்ரீபெரும்புதூர் மோட்டார் ஊரானது. 1971-ல் உருவான சிப்காட், இங்கு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று தொழிற்பூங்காக்களை அமைத்தது. ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த தலம் என்று அறியப்பட்ட ஊர். 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் பதித்து, 1998-ல் சான்ட்ரோவை வெளியிட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-லும், பாரத் பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலை 2012-லும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-லும் வந்தன. வண்டி வந்த இடத்துக்குப் பெயிண்டும் வந்தது. ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை உண்டு.

கார் ஆலையின் பெயிண்ட் ஷாப்பில் கன் பிடித்த ஆளைத் தேடினால் ஏமாற்றமே. வெல்டிங் முடிந்த உடல் முதலில் கழுவப்பட்டு, பாஸ்பேட் குளியலில் இறங்குகிறது. அடுத்து எலக்ட்ரோ டெபாசிஷன், சுருக்கமாக 'ஈ.டி.': பெயிண்ட் நிறைந்த பெருந்தொட்டியில் கார் உடல் முழுவதும் மூழ்க, மின்சாரம் பாய்ந்து, கை புகாத சந்துகளிலும் பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரைமர், நிறம், கிளியர் கோட். இவற்றை அடிக்கும் ரோபோவின் முனையில் இருப்பது மணி வடிவக் கிண்ணம். அது நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்று பெயிண்டை விளிம்பிலிருந்து துளிகளாக வீசுகிறது. துளிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றமும் உண்டு. எர்த் செய்யப்பட்ட கார் உடல் அவற்றைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ரான்ஸ்பர்க் நிறுவனம் 1940-களில் வளர்த்த தத்துவம் இது. பழைய வகைக் கன்னில் பெயிண்டில் பாதிக்கு மேல் காற்றோடு போகும். மணிக் கிண்ணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பரப்பில் சேரும்.

ஆனாலும் மனிதக் கை முழுக்க விலகவில்லை. பூச்சில் சிக்கிய தூசியைக் கண்டுபிடித்துத் தேய்த்து மெருகேற்றுவதும், சிறு குறையைத் திருத்துவதும் மனிதர் வேலையே. விந்தையான விதிவிலக்கு ராயல் என்ஃபீல்டு. திருவொற்றியூர் ஆலையில் பெட்ரோல் டேங்க்கின் பொன்னிறக் கோடுகளைத் தூரிகையால், அளவுகோல் இல்லாமல் கையாலேயே இழுப்பது மரபு. டேங்க்கை ஸ்ப்ரே பெயிண்ட் எவ்வளவு பளபளப்பாக்கினாலும் வண்டிக்காரர்கள் விரலால் தொட்டுக் காட்டுவது அந்தக் கோட்டைத்தான்.

ஆலைகள் வந்ததன் விளைவு, மதிலுக்கு வெளியே பட்டறைகளின் பெயிண்டும் மாறியது. புதிய கார்களின் கிளியர் கோட்டுக்கு ஈடுகொடுக்கப் பழைய 'என்.சி.' (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரால் முடியவில்லை. பெயிண்டையும் ஹார்ட்னரையும் அளந்து கலக்கும் 'டூ-கே' பாலியூரித்தேன் வந்தது. சிறு வேலைக்கும் பொம்மைக்கும் மரச்சாமானுக்கும் என்.சி. நீடிக்கிறது: விலை குறைவு, உடனே காயும். தவறானால் தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம்.

அந்த என்.சி.க்கு இந்த வட்டாரத்துக் காற்று பகை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும்; ஈரப்பதம் மிகுந்த நாளில் அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள நீராவி பெயிண்ட் மேலேயே நீராகப் படியும். விளைவு, கருநீலம் அடித்த இடத்தில் சாம்பல் பூத்ததுபோல் வெண்மை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பட்டறைக்காரர்கள் வெயில் ஏறும்வரை காத்திருப்பதும், மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்ப்பதும் இதனால்தான்.

கம்ப்ரஸருக்குள் நடப்பதும் இதே கதை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள நாளில் நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரஸர், மணிக்கு 400 கிராமுக்கும் மேல் நீராவியை உள்ளே கொண்டுபோகிறது. காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீராகிவிடும்: மணிக்குக் கால் லிட்டருக்கும் மேல். அது ஹோஸ் வழியாக வந்து கன்னின் நுனியில் துப்பும்போது மேஸ்திரிகூட ஒன்றும் செய்ய முடியாது. பிஸ்டன் தேய்ந்திருந்தால் கூடவே எண்ணெயும் வரும். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண் போலக் குழி விழும்.

ஓவியர் கருவி தேர்வதற்கு இந்த வரலாறு போதிய வழி காட்டுகிறது. பட்டறைக் கன்னின் நாசில் 1.3, 1.4 மில்லிமீட்டர், அதை ஓட்ட நிமிடத்துக்கு இருநூறு முந்நூறு லிட்டர் காற்று வேண்டும். ஏர்பிரஷின் நாசில் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை. நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் காற்று கிடைத்தாலே போதும், அழுத்தம் 15 முதல் 30 பவுண்டு. ஆகையால் ஆளுயரச் சிலைக்கு ஏர்பிரஷ் வாங்குவதும், ஹெல்மெட்டில் முகம் வரையப் பட்டறைக் கன் வாங்குவதும் ஒரே தவறின் இரு முகங்கள். சிலைக்கும் சுவருக்கும் இடையளவான சிறு கன், 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் நாசிலோடு கிடைக்கிறது. 'டச்-அப்' வேலைக்கென்று பட்டறைகள் வைத்திருப்பது. பொம்மைக்காரர்களுக்கு அதுவே ஏற்றது.

ஏர்பிரஷிலும் இரு வகை. பொத்தானை அழுத்தினால் காற்றும் பெயிண்டும் சேர்ந்தே வரும் ஒற்றைச் செயல் வகை விலை மலிவு, அடிநிறத்துக்கு உதவும். பொத்தானை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட் என்ற இரட்டைச் செயல் வகைதான் மயிரிழைக் கோட்டையும் பரந்த நிழலையும் கை எடுக்காமல் மாற்றி மாற்றித் தரும். பழகச் சில வாரம் பிடித்தாலும் அதையே முதலில் வாங்குவது லாபம். மலிவானதை வாங்கியவர் ஆறு மாதத்தில் இரண்டாவது வாங்குவார். பெயிண்ட் கப் மேலே இருந்தால் துளிப் பெயிண்டிலும் வேலை நடக்கும், குறைந்த அழுத்தமும் போதும். அடியில் குப்பி தொங்கும் வகை அதிகப் பெயிண்ட் செலவாகும் வேலைக்கும், அடிக்கடி நிறம் மாற்றுபவருக்கும் வசதி. 0.3 மில்லிமீட்டர், இரட்டைச் செயல், மேல்கப்: தொடங்குபவருக்கு இதுவே நடுவழி.

காற்றுக்குப் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைக் கழற்றித் தொட்டி பொருத்திக்கொள்வது பலர் கண்ட குறுக்குவழி. சத்தமே வராது என்பது உண்மை. எண்ணெய் வரும் என்பதும் உண்மை. அதற்கு வடிகட்டி கட்டாயம். கடையில் கிடைக்கும் எண்ணெய் இல்லாத சிறு பிஸ்டன் கம்ப்ரஸரை மூன்று லிட்டர் தொட்டியோடு வாங்கினால் காற்று துடிக்காமல் சீராக வரும். எந்தக் கம்ப்ரஸராக இருந்தாலும் ரெகுலேட்டரும் நீர்ப்பொறியும் இல்லாமல் இந்த வட்டாரத்தில் வேலை தொடங்கக் கூடாது. ஊசி நுனியும் நாசிலும் மிருதுவானவை. ஒருமுறை தரையில் விழுந்து வளைந்தால் கோடு பிசிறடிக்கும். உதிரி கிடைக்குமா என்று பார்க்காமல் பெயர் தெரியாத கருவியை வாங்குவது வீண் செலவு.

பெயிண்டில், வீட்டுக்குள் வேலை செய்பவருக்கு நீரில் கரையும் அக்ரிலிக்கே சரி. குழாயிலிருந்து பிதுக்கும் ஓவிய வண்ணத்தை அப்படியே ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும்; பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். உலோகத்துக்கு என்.சி. அல்லது டூ-கே. டூ-கேவின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை ஆஸ்துமாவை வரவழைக்கும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு சிறிதளவும் ஆகாது. பட்டறைகளில் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்ளும் வழக்கம் தூசைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி தின்னர் ஆவிக்கு உதவும். டூ-கேவுக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியே முழுப் பாதுகாப்பு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. நீர்நிலைகளில் கரைக்கும் சிலைகளுக்கு நச்சுச் சாயம் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்திய வழிகாட்டுதல் சொல்கிறது. பொம்மைக்கு டப்பா வாங்குபவர் இந்த இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் ஒரு சிறு திருகு உண்டு. தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வைத்தது. ஐப்பசி, கார்த்திகையில் பட்டறை திறந்ததும் முதல் வேலை அதைத் திறந்துவிடுவது.